பக்கத்துக் காம்பராப் பூனை

அந்தப் பூனை எங்கள் வீட்டுக்கு வந்த தூரம் ஒரு சுவர்தான். அந்த ஒரு சுவரைத் தாண்டி வந்து தங்குவதற்கு அதற்கு நாலு மாதம் பிடித்தது.

அப்போது இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயம். காம்பரா என்றால் ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். எங்களுடையது ஏழாவது. எட்டாவதில் அக்கா இருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. பொகவந்தலாவையிலிருந்து கல்யாணமாகி நான் அந்த லயத்துக்கு வந்த முதல் நாளே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவள். என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள்.

இரண்டு காம்பராக்களுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அந்தப் பக்கம் கருவாடு சுட்டால் இந்தப் பக்கம் மணக்கும். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கெடும். எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்கா குரல் கொடுப்பாள்.

"தங்கச்சி, தண்ணி கொதிக்குது. உனக்கும் சேத்துத் தேயிலை போடவா?"

"போடுங்க அக்கா."

நான் பெட்டி மேல் ஏறி நின்று கையை நீட்டினால் சுவரின் மேல் கோப்பை வந்து நிற்கும். உப்பு, மிளகாய், நெருப்புக் கங்கு எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வரும். மலையில் கொழுந்து பறிக்கும்போதும் பக்கத்துப் பக்கத்து நிரைதான். அப்படியும் வீட்டுக்கு வந்த பிறகு பேசுவதற்கு எங்களுக்கு ஏதாவது மிச்சம் இருக்கும்.

பூனை அக்காவுடையது. சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட பெட்டைப் பூனை, வாலின் நுனி மட்டும் ஒரு பக்கமாக மடங்கியிருக்கும். குட்டியாக இருந்தபோது தேயிலை பேக்டரியிலிருந்து அவள் வீட்டுக்காரர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். எங்கள் பக்கம் மீன் வாடை வந்தால் சுவர் மேல் வந்து உட்காரும். போட்டதைத் தின்னும். தின்றுவிட்டு ஒரு நிமிடம்கூட நிற்காது, ஏறிப் போய்விடும்.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்த நாலாம் நாள் காய்ச்சல் கண்டது. மார்பில் பால் கட்டிச் சீழ் வைத்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தேன். அந்த இரண்டு வாரமும் பிள்ளையை அக்காதான் வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு வயதில் ஒரு பெண் இருந்தது, அது இன்னும் பால்குடி மறக்கவில்லை. அதோடு என் பிள்ளைக்கும் சேர்த்துப் பால் கொடுத்தாள். நான் திரும்பி வந்தபோது எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. "அதனால என்ன? எங்கிட்ட இருக்குல்ல" என்றாள். பிறகு மூன்று மாதமும் அப்படியே நடந்தது. காலையில் ஒருமுறை, மலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் பிள்ளை மடுவத்தில் மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஒருமுறை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் போதும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "கொண்டா, கொண்டா" என்பாள்.

என் மகன் அவள் மடியில்தான் முதல் தடவை சிரித்தான். எனக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ஆண்டு அடைமழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. காம்பராவுக்குள் துணி காயவில்லை, சுவரெல்லாம் வியர்த்தது. பிள்ளைக்கு இருமல் வந்தது. மருந்துக்காரர் வந்து பார்த்து, நெஞ்சில் சளி அடைத்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் காலை பிள்ளை போய்விட்டது. மழைக்குள்ளேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நான் போகவில்லை, பெண்கள் போகிற வழக்கமில்லை.

பொகவந்தலாவையிலிருந்து என் அம்மா வந்து ஒரு வாரம் கூட இருந்தாள். கிளம்புகிற அன்று, துணியை மடித்துக்கொண்டே, "ஊரான் பாலு ஒத்துக்கல போல" என்று பெருமூச்சு விட்டாள். அவள் யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. எதையாவது சொல்ல வேண்டும் என்று சொன்னது. ஆனால் அம்மா பஸ் ஏறிப் போன பிறகும் அந்தச் சொல் என்னோடு தங்கிவிட்டது.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் பெரட்டுக்குப் போய்விட்டார். அக்காவும் அன்று போகவில்லை போலிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"தங்கச்சி, கஞ்சி வச்சிருக்கேன். சூடா இருக்கு. சுவத்து மேல வைக்கவா?"

நான் பாயில் படுத்திருந்தேன். எழுந்திருக்காமலே சொன்னேன்.

"ஒண்ணும் வேணாம். உன் பாலக் குடிச்சுத்தான் என் புள்ள போச்சு. உன் கஞ்சியக் குடிச்சு நானும் போகணுமா?"

அதுவரை அவளை நான் நீங்கள் என்றுதான் பேசியிருக்கிறேன்.

அந்தப் பக்கம் ஏனத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. அழுதிருந்தால் கேட்டிருக்கும். அந்தச் சுவரில் எல்லாம் கேட்கும்.

அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. மலையில் அவள் நாலு நிரை தள்ளிப் போய்விட்டாள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் குடத்தோடு சற்று நேரம் தள்ளி நிற்பாள். லயத்துப் பெண்கள் கேட்டார்கள், என்ன சண்டை என்று. நான் ஒன்றும் இல்லை என்றேன். அவளும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் நான் அன்று சொன்ன வார்த்தை எந்த வாயிலிருந்தும் திரும்பி என் காதுக்கு வரவே இல்லை. ஆண்கள் இருவரும் எப்போதும் போல இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் இப்படிப் போனது.

சொன்னது தவறு என்று எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால், சொன்ன அன்றே தெரியும். சுவர் அங்கேயே இருந்தது. பெட்டியும் அங்கேயே இருந்தது. ஏறி நின்று "அக்கா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். நாளைக்குக் கூப்பிடலாம் என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்ட மனு தள்ளுபடி என்று அதில் இருந்தது. அந்தக் காலத்தில் மலையில் பாதிப்பேருக்கு அந்தக் கடிதம் வந்திருந்தது. எங்கள் மனுவுக்கு அப்போது பதிலே வரவில்லை. கடிதம் வந்தவர்களில் பலர் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போனார்கள். அக்கா வீட்டுக்காரர் அப்படி இருக்கவில்லை. இந்தியாவில் துறையூர்ப் பக்கம் அவருடைய அண்ணன் இருந்தார். வந்துவிடு, கிணற்றுப் பாசனம் இருக்கிறது, சேர்ந்து உழைக்கலாம் என்று எழுதியிருந்தார். போவது என்று முடிவாயிற்று.

முடிவானதை என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். ஆனால் அதற்கு முன்பே எனக்குத் தெரியும். பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்வது போலப் பூனையை வைத்திருந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், முறத்தோடு எழுந்து நின்றேன்.

"இதக் கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம்" என்றாள். "நீ வச்சுக்க."

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். பூனை அவள் சேலையை நகத்தால் பிடித்துக்கொண்டது. அவள் ஒவ்வொரு நகமாக எடுத்துவிட்டாள்.

"பழைய சோறு திங்காது. கருவாட்டுத் தலையப் போட்டுப் பெசைஞ்சு குடு. காதுக்குப் பின்னால ஒரு புண்ணு இருக்கு, மஞ்சள் தடவு. கொஞ்ச நாளைக்குக் கட்டிப் போட்டு வை. இல்லாட்டி அங்கதான் வந்து நிக்கும்."

"சரி" என்றேன்.

அவள் ஒரு நிமிடம் நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாளா, பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றாளா தெரியாது. பன்னிரண்டு காம்பரா இருந்தது அந்த லயத்தில். பூனை கேட்டவர்களும் இருந்தார்கள். எனக்கு ஏன் கொடுத்தாள் என்று அப்போது கேட்கவில்லை. சரி என்ற ஒரே வார்த்தைதான் என் வாயில் இருந்தது. அவள் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை லொறி வந்தது. தலவாக்கலை ஸ்டேஷன் வரை லொறி, அங்கிருந்து ரயில், தலைமன்னாரில் கப்பல். லயமே வெளியே வந்து நின்றது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிற சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பூனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தால் பூனை ஓடிவிடும், லொறிக்குப் பின்னால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். "பூனை ஓடிரும்ங்க" என்று உள்ளிருந்தே சொன்னேன். லொறி கிளம்பி, தோட்டம் முடிகிற தொங்கல் வளைவில் கியர் மாற்றுகிற சத்தம் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

பூனையைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டிலின் காலில் கட்டிவைத்தேன். அது கத்தியது. கட்டில் காலைச் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரித்துக்கொண்டது. கருவாட்டுத் தலையைப் பிசைந்து வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் தேயிலைப் பெட்டி ஒன்றைப் பாதியாக அறுத்துச் சாக்குப் போட்டுக் கொடுத்தார். அதில் படுக்காமல் வெறும் தரையில் படுத்தது.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மூன்றாம் காம்பரா அத்தை, பூனையைத் தூக்கி அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றி, காலில் அடுப்புச் சாம்பலைத் தடவிவிட்டால் வீட்டை விட்டுப் போகாது என்றாள். செய்தேன். கையெல்லாம் பிறாண்டியது. இன்னொருத்தி, நாலு பாதத்திலும் தேங்காயெண்ணெய் தடவு, நக்கிக்கொண்டே இருக்கும், நக்கி முடிக்கிறதுக்குள்ள இடம் பழகிடும் என்றாள். அதையும் செய்தேன். நக்கி முடித்துவிட்டு மறுபடியும் கத்தியது.

"விட்டுரு புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். "நாய்தான் ஆளைச் சுத்தும். பூனை வீட்டைச் சுத்தும். அது வீடு அந்தப் பக்கம் இருக்கு."

"எங்கிட்டத்தான குடுத்துட்டுப் போனாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

நாலாம் நாள் காலை, கட்டைக் கடித்து அறுத்துவிட்டுப் போய்விட்டது. எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் வந்தது. அக்கா வீட்டுக் கதவைக் கணக்கப்பிள்ளை பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போயிருந்தார். நான் பெட்டியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி நின்று எட்டிப் பார்த்தேன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் காம்பராவை அன்றுதான் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகச் சதுரம் சதுரமாக இருந்தது. தொட்டில் கட்டிய கயிறு உத்தரத்தில் அப்படியே தொங்கியது. அந்தத் தொட்டிலில்தான் என் பிள்ளையும் அவள் பிள்ளையும் தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தார்கள். பூனை குளிர்ந்துபோன அடுப்புக்குள், சாம்பலில் சுருண்டு படுத்திருந்தது. என்னைத் தலை தூக்கிப் பார்த்தது.

"வா" என்றேன். "அங்க யாரும் இல்ல. வா."

அது வரவில்லை. கருவாட்டைக் காட்டினேன், வரவில்லை. நான் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். பிறகு எப்படித் தொடங்கியது என்று தெரியவில்லை, பேச ஆரம்பித்துவிட்டேன். பூனையிடம்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அக்கா" என்று கூப்பிட்டுப் பேசினேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா என்றேன். பிள்ளை சளியில்தான் போச்சு, எனக்குத் தெரியும் என்றேன். என் பிள்ளை பசியோடு சாகவில்லை, நீங்கள் இருந்ததால் வயிறு நிறைந்துதான் செத்தது என்றேன். யாருமில்லாத காம்பராவுக்குள் என் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. ஒன்பதாம் காம்பராவில் யாரோ பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது போலிருந்தது. நான் இறங்கிவிட்டேன்.

தினமும் வேலை முடிந்து வந்து அந்தச் சுவர் மேல் சோறு வைத்தேன். நான் இறங்கிப் போன பிறகு அது வந்து தின்னும். தின்றுவிட்டு அந்தப் பக்கமே இறங்கிவிடும். இப்படி மூன்று வாரம்.

பிறகு எட்டாம் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாற்றி வந்தவர்கள். கைக்குழந்தை, கிழவர், ஏழு பேர். அவர்களிடம் போய், ஒரு பூனை வரும், அடிக்காதீங்க, அது வீடு இது, என்றேன். அந்த வீட்டுப் பெண் நல்லவள்தான். "தொட்டில்ல ஏறாம இருந்தா சரி" என்றாள். ஆனால் தொட்டில் கட்டுவதற்கு அங்கே இருந்தது அந்த ஒரு உத்தரம்தான். பூனைக்குப் பழகிய இடமும் அதுதான்.

ஒரு நாள் சாயங்காலம் நான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கூடையை இறக்கும்போது அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பூனை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் பார்த்த பதற்றத்தில் அந்தப் பெண் கையில் இருந்த கொதிதண்ணீரை வீசிவிட்டாள். பூனை வாசல் வழியாக ஓடி வந்து, எப்படியோ, எங்கள் கட்டிலுக்கு அடியில் போய் நுழைந்துகொண்டது. முதுகிலும் பின்னங்கால் ஒன்றிலும் தோல் உரிந்திருந்தது. பின்னாலேயே அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"வேணும்னு செய்யல அக்கா. புள்ளைய என்னமோ பண்ணிரும்னு பயந்துட்டேன்" என்று கையைப் பிசைந்தாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பிள்ளைக்குப் பயந்து ஒருத்தி என்ன செய்வாள், என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "போ, புள்ள தனியாக் கிடக்கும்" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் துறையூரிலிருந்து முதல் கடிதம் வந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்கு எழுதியிருந்தார். கப்பலில் எல்லோருக்கும் வாந்தி. மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்துத்தான் விட்டார்கள். அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்புப் போட்டு இருக்கிறோம். வெயில் தாங்க முடியவில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லை. ஊரில் எங்களைச் சிலோன்காரங்க என்கிறார்கள். லயத்தில் எல்லோரையும் பேர் பேராகக் கேட்டிருந்தார். கடைசி வரி இது: பூனை தங்கிருச்சான்னு வீட்டுல கேக்கச் சொல்லுது.

என் வீட்டுக்காரர் பதில் எழுத உட்கார்ந்தார். பூனை கட்டிலுக்கு அடியில் முனகிக்கொண்டிருந்தது.

"பூனைக்கு என்ன எழுத?"

"தங்கிருச்சு, நல்லா திங்குதுன்னு எழுதுங்க."

"நீ வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியது இருந்தது. ஆனால் அதை அவர் கையால் எப்படி எழுதச் சொல்வது? அவருக்கே தெரியாதே. "வேற ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

பூனையைப் பார்க்க ஆரம்பித்தேன். தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கோழியிறகால் தடவுவேன். முதலில் சீறியது. பிறகு தடவும்போது கண்ணை மூடிக்கொண்டது. டின்பால் கரைத்து விரலில் தொட்டு வாயில் வைத்தேன், நாலு நாள் விரலைத்தான் நக்கியது. வேலைக்குப் போகும்போது தேயிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது அங்கேயே இருக்கும். கால் ஆறிய பிறகும் ஒரு பக்கம் கெந்திக்கெந்தித்தான் நடந்தது. அதனால் அதற்குச் சுவர் ஏற முடியவில்லை. அப்படித்தான் அது எங்கள் வீட்டில் தங்கியது. என் மேல் பாசம் வைத்துத் தங்கியது என்று சொன்னால் பொய்யாகிவிடும். முதலில் போக வழியில்லாமல் இருந்தது. மழை தொடங்கிய மாதத்தில் ஒரு விடியற்காலை, குளிருக்கு என் கால்மாட்டில் வந்து படுத்தது. நான் காலை அசைக்காமல் படுத்திருந்தேன். பெரட்டுக்குத் தப்படிக்கிற வரைக்கும் அசைக்கவில்லை.

அடுத்த ஆண்டு எனக்கு ஒரு பெண் பிறந்தது. இந்தத் தடவை பால் இருந்தது. பிள்ளை குடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதற்கே உடம்பு எவ்வளவு இழுக்கப்படுகிறது, வயிறு எப்படிப் பசிக்கிறது, கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது கண் எப்படி இருட்டுகிறது என்று தெரிந்தது. இரண்டு பிள்ளைக்குக் கொடுத்தவளை நினைத்தேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் நாலாவது வரைக்கும் படித்திருந்தேன். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நானே எழுதினேன். ஐந்தாறு தாள் வீணாயிற்று. கடைசியில் எழுதியது சின்னக் கடிதம்தான். அக்கா, பெண் பிறந்திருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னதை மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்ன வாய் எனக்கு இன்னும் ஆறவில்லை. பூனை என் கால்மாட்டில் படுக்கிறது. இதை உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்குத் தனியாக வாசித்துக் காட்டட்டும். இவ்வளவுதான். தபால்கார ஐயாவிடம் நானே கொடுத்தேன்.

பதிலுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கடிதம் என் பேருக்கே வந்தது. என் பேருக்கு வந்த முதல் கடிதம் அது.

தங்கச்சிக்கு, என்று தொடங்கியது. உங்கள் கடுதாசி கிடைத்தது. வாசித்துக் காட்ட அவள் இல்லை. சித்திரையில் ஊரில் பேதி பரவியது. இரண்டே நாள்தான். மகள் என்னோடு இருக்கிறாள். நீங்கள் மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை என்று தெரியும். ஏன் என்று கேட்டபோதெல்லாம் அவள், புள்ளையப் பறிகுடுத்தவ, மனசு சரியில்லாம இருக்கா, நாமதான் பொறுத்துப் போகணும் என்றுதான் சொன்னாள். வேறு ஒன்றும் சொன்னதில்லை.

சித்திரையில் என்றால், நான் எழுத உட்காருவதற்கு முன்பே. நான் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் இல்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாசல் வெளிச்சத்தில் நின்று இரண்டு முறை வாசித்தார். பிறகு, "என்ன மன்னிப்பு?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். சுவர், கஞ்சி, நான் சொன்ன சொல், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். "உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றார். "நம்ம புள்ளைக்குப் பத்தாதுன்னு அக்கா தன் புள்ளைக்குப் பால நிறுத்திட்டாங்க. வெறுங்கஞ்சித் தண்ணியத்தான் குடுத்தாங்க. அது இளைச்சுப் போச்சு. அக்கா வீட்டுக்காரரு அதுக்கு ஒரு நாள் சண்டை போட்டாரு. எங்கிட்டச் சொல்லி அழுதாரு. உன்கிட்டச் சொல்ல வேணாம்னு அக்கா சொல்லிருச்சு. உனக்குத் தெரிஞ்சா புள்ளையக் குடுக்க மாட்டன்னு."

"தெரியாது" என்றேன்.

உள்ளே என் மகள் எழுந்து அழுதாள். போய்த் தூக்கினேன். பால் கொடுத்துக்கொண்டே அழுதேன். அவர் உள்ளே வரவில்லை.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பிறகு எழுதலாம் என்று இருந்தபோது அவர்களும் அந்த ஊரை விட்டு வேறு எங்கோ போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்தப் பெண் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, யாரிடம் வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

பூனை எங்களோடு இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. என் மகள் அதன் வாலைப் பிடித்து இழுப்பாள், ஒன்றும் செய்யாது. வயதாகிக் காது மந்தமாகி, பெரும்பாலும் அடுப்போரமே கிடந்தது. ஓர் ஐப்பசியில், மூன்று நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த காலையில், வெளியே போனது திரும்பவில்லை. லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் ஒவ்வொரு நிரையாகக் கூப்பிட்டுக்கொண்டே தேடினேன். பீலி வரைக்கும் போனேன். எட்டாம் காம்பராக்காரியும் கொஞ்ச நேரம் என்னோடு வந்து தேடினாள். பிறகு பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, இரண்டு பேரும் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனோம்.